வளைவனவும் முறிவனவும்

கயிறு அறும்; பானை உடையும்; துடுப்பு முறியும்; சுள்ளி ஒடியும்; துணி கிழியும்; கம்பி வளையும்; பழஞ்சேலை நையும்; நெடுநாள் நனைந்து காய்ந்த வடம் இற்றுப்போகும். தன்மேல் வந்த சுமையைத் தாங்கமாட்டாது ஒரு பொருள் நிலைகெடுதலாகிய ஒன்றனைக் குறிக்க நம் மொழி இத்தனை வினைச்சொற்களை வைத்திருக்கின்றது. 'பானை அறுந்தது' என்றோ, 'கயிறு ஒடிந்தது' என்றோ ஒரு குழந்தை சொல்லின், கேட்டோர் நகைப்பர். இலக்கணம் பயில்வோராகிய நாம் இதனை மரபு என்னும் ஒரு சொல்லால் முடித்துவிடுகின்றோம். மரபு என்பது உண்மையே. ஆயினும், அம்மரபை ஆக்கியவர் யாவர், எதனைக் கண்டு ஆக்கினர் என்னும் வினா எஞ்சி நிற்கின்றது. பழவேற்காட்டு ஏரிக்கரையில் ஒரு மீனவர் குடியிற் பிறந்து, இக்கல்லூரியில் தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் யான், அவ்வினாவுக்கு எம் ஊராரின் படகுகளிலும் வலைகளிலும் கண்ட விடையை ஈண்டு எழுதப் புகுகின்றேன். பௌதிகம் பயிலும் நண்பர்கள் தம் எல்லைக்குள் யான் நுழைவதைப் பொறுத்தருள்வார்களாக.

பழவேற்காடு சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர்த் தொலைவில் உள்ளது. ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. ஏரியின் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும், சிறுபகுதி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஸ்ரீஅரிக்கோட்டைத் தீவு நீண்டு கிடக்கின்றது. தென்கோடியில் ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரம். அதன் அயலிலே குப்பங்கள். கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் 'பாடு' என்னும் முறை வழிவழியாக வழங்கி வருகின்றது. இன்ன நாளில் இன்ன நீர்ப்பரப்பில் இன்னார் வலை வைக்கலாம் என்று முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளுதலே அது. முறைநாளில் வலையின் கயிறு அற்றுவிடின் அந்நாளின் மீன் போயிற்று. அடுத்த முறை வரும்வரை காத்திருத்தல் வேண்டும். ஆகவே எப்பொருள் எவ்வளவு தாங்கும், எப்பொழுது கைவிடும் என்பது எங்கள் பக்கத்தில் வெறும் நூலறிவு அன்று. அன்று மாலை உலை கொதிப்பதும் கொதியாமையும் அதனைப் பொறுத்தனவாகும்.

பொருள்களின் வலிமையைப் பற்றிப் பேசுவோர், 'எவ்வளவு சுமை தாங்கும்?' என்பதையே பெரிதும் கேட்பர். கடலிற் செல்வோர் அதனோடு மற்றொன்றையும் கேட்கின்றனர். 'கைவிடுமுன் அது நமக்குச் சொல்லுமா? சொல்லுமாயின் எவ்வாறு சொல்லும்?' என்பதே அது. உலோகம், கண்ணாடி, நைலான் முதலிய பலபடிப் பொருள் என்னும் மூன்றும் இவ்வினாவுக்கு மூன்று விதமாக விடை கூறுகின்றன. அம்மூன்றையும் முறையே காண்போம்.

முதலில் உலோகம். தூண்டில் முள்ளைப் பெரிய மீன் ஒன்று பற்றி இழுக்கும்போது, முள்ளின் வளைவு சிறிது விரிகின்றது. இழுப்பு நின்றவுடன் பண்டைய வடிவை அடைகின்றது. இதனை மீட்சி என்பர். இழுவிசை எவ்வளவோ அவ்வளவுக்கு நீட்சியும் என்னும் விதியை ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கில அறிஞர் 1678ஆம் ஆண்டில் விளக்கி வெளியிட்டார். ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லையைக் கடந்து இழுத்தால், விரிந்த முள் விரிந்தபடியே நின்றுவிடும். முறியவில்லை, ஆயினும் மீளவும் இல்லை. குறுக்களவு ஒரு சதுர மில்லிமீட்டர்ப் பரப்புள்ள மென்னெஃகுக் கம்பியை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ 25 கிலோகிராம் சுமை வரையில் அது மீளும். அதற்கு மேல் மீளாது நீளத் தொடங்கி, ஏறத்தாழ 40 கிலோகிராமில் அற்றுவிடும். அறுவதற்கு முன் தன் நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு நீண்டுவிடுவதும் உண்டு. இந்த இடைவெளியே உலோகத்தின் பெருங்குணம். 25க்கும் 40க்கும் நடுவே அது நம் கண்முன் வடிவம் மாறி நின்று, 'இனி என்னை நம்பாதே' என்று சொல்லிவிடுகின்றது.

உலோகம் ஏன் இவ்வாறு இணங்குகின்றது? அதன் உள்ளே அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. ஒரு வரிசை முழுவதும் ஒரே காலத்தில் அடுத்த வரிசையின்மேல் வழுக்கிச் செல்வதாகக் கணக்கிட்டால், தூய உலோகங்கள் நாம் காண்பதினும் பன்னூறு மடங்கு, சிலபோது ஆயிரம் மடங்குகூட, வலிமை உடையனவாய் இருத்தல் வேண்டும். அவ்வாறு இல்லாமைக்குக் காரணத்தை 1934ஆம் ஆண்டில் டெய்லர், ஓரோவன், பொலானி என்னும் மூவர் தனித்தனியே கண்டு கூறினர். பெரிய ஜமக்காளம் ஒன்றை ஓரடி நகர்த்த வேண்டும் என்று கொள்வோம். முழுவதையும் ஒருங்கே இழுப்பது அரிது. ஓர் ஓரத்தில் ஒரு மடிப்பை எழுப்பி, அம்மடிப்பை மறுகோடிவரை தள்ளிச் சென்றால், ஒரு சிறுவனே அதனை நகர்த்திவிடுவான். உலோகத்தின் அணுவரிசைகளிலும் அத்தகைய மடிப்புகள் உண்டு. அவற்றை இடப்பிறழ்வுகள் என்பர். அவை ஒவ்வொரு வரிசையாக நகர்வதனாலேயே இரும்பு முறியாமல் வளைகின்றது. வளைத்ததையே திரும்பத் திரும்ப வளைத்தால் மடிப்புகள் பெருகி, கரையிற் குவித்த வலைபோல ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். பின்னர் அவை நகரமாட்டா, உலோகம் இறுகும், மேலும் வளைத்தால் முறியும். கையால் ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்போர் செய்வது இதுவே. இறுகிய இரும்பைக் கொல்லன் உலையிலிட்டுச் சிவக்கக் காய்ச்சி மெல்ல ஆறவிடுவது, அச்சிக்கலை அவிழ்த்து மீண்டும் வளையச் செய்வதற்கே ஆகும்.

உலோகங்கள் எல்லாம் இவ்வாறு முன்னறிவிப்பன அல்ல. எங்கள் ஊரின் பழைய வரலாறே இதனை நினைப்பூட்டும். ஒல்லாந்தர் 1613ஆம் ஆண்டில் பழவேற்காட்டிற் கெல்டிரியா என்னும் கோட்டையைக் கட்டினர். வெடிமருந்துத் தொழிற்சாலை ஒன்றும் அங்கே நடந்தது. அந்நூற்றாண்டில் வழங்கிய பீரங்கிகள் வெண்கலத்தால் ஆயினவும் வார்ப்பிரும்பால் ஆயினவும் என இருவகைப்படும். வெண்கலம் விலை மிகுந்தது. எனினும், மருந்தின் வேகம் அளவு கடந்தால் வெண்கலப் பீரங்கி பெரும்பாலும் புடைத்துக் காட்டும், அல்லது பிளந்து நிற்கும். வார்ப்பிரும்புப் பீரங்கியோ யாதொரு குறியும் காட்டாது வெடித்துச் சிதறித் தன் அருகில் நின்றோரைக் கொன்றுவிடும். ஆதலின் பீரங்கி இயக்குவோர் விலை மிகுந்த வெண்கலத்தையே விரும்பினர். தாங்கும் திறத்திற்காக மட்டும் அன்று, முன்னே சொல்லும் திறத்திற்காகவும் மாந்தர் பொருள் கொடுத்தனர் என்பது இதனாற் புலனாகும்.

இனிக் கண்ணாடி. மின்விளக்கு வருமுன் எங்கள் வீடுகளில் எரிந்த அரிக்கேன் விளக்கின் சிமினியைப் பற்றி என் ஆயா, அதாவது அன்னையைப் பெற்ற பாட்டியார், சொல்லக் கேட்டிருக்கின்றேன். ஓட்டை விழுந்த கூரையிலிருந்து ஒரு மழைத்துளி சூடான சிமினியின்மேல் விழுந்தாற் போதும், அது இரண்டாகிவிடும். துளி பட்ட இடம் திடீரெனக் குளிர்ந்து சுருங்க, சுற்றியுள்ள இடம் சுருங்காது நிற்க, இடையே பிறந்த இழுவிசையைக் கண்ணாடி தாங்குவதில்லை. கண்ணாடிக்குள் அணுக்கள் உண்டு, வரிசை இல்லை. வரிசை இன்மையால் நகர்ந்து செல்லும் மடிப்பும் இல்லை. ஆகவே இணங்கிக் கொடுக்க அதற்கு வழியே இல்லை.

ஆயினும் கண்ணாடி இயல்பாகவே நொய்ந்த பொருள் என்று கருதுதல் தவறு. கிரிஃபித் என்னும் ஆங்கிலப் பொறியாளர் கண்ணாடியை மெல்லிய இழைகளாக நீட்டிச் சோதித்து, இழை மெலிய மெலிய அதன் வலிமை மிகுவதைக் கண்டு 1921ஆம் ஆண்டில் வெளியிட்டார். கண்ணாடியைக் கெடுப்பன அதன் மேற்பரப்பில் உள்ள கண்ணுக்குப் புலனாகாத நுண்கீறல்களே. இழுவிசை முழுவதும் கீறலின் கூரிய நுனியிலே குவிகின்றது. ஓர் எல்லையைக் கடந்தவுடன் கீறல் ஒரே பாய்ச்சலில் ஓடிவிடுகின்றது. மெல்லிய இழையிற் பெரிய கீறலுக்கு இடமில்லாமையால் அது வலிமை பெறுகின்றது. பழைய கோயில்களின் சாளரக் கண்ணாடி பல நூற்றாண்டுகளாக மெல்ல வழிந்து அடிப்புறம் தடித்துவிட்டது என்று நம்மிற் பலர் சொல்வதுண்டு. அது உண்மை அன்று. பிரேசில் நாட்டு அறிஞர் சனோட்டோ 1998ஆம் ஆண்டில் கணக்கிட்டு, இயல்பான வெப்பநிலையிற் கண்ணாடி அவ்வாறு வழிவதற்கு மனித வரலாறு முழுவதும் போதாது என்று காட்டினார். பண்டை நாளில் தகடுகள் சீரான கனத்தில் அமையாமையே அத்தடிப்பின் காரணம்.

அக்கண்ணாடி இழையே இன்று எங்கள் ஊரிற் படகாகி நிற்கின்றது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை தமிழகக் கரையோரத்தில் எண்ணற்ற கட்டுமரங்களை அழித்தது. அதன்பின் பைபர் படகுகள் கரையெங்கும் பெருகின. கண்ணாடி இழைகளைப் பாய்போற் பரப்பி, பிசினை ஊற்றி, அடுக்கடுக்காக இறுகச் செய்ததே பைபர். தனியே நின்றால் உடையும் கண்ணாடி, பிசினுக்குள் ஆயிரமாயிரம் இழைகளாய்ப் பிரிந்து கிடத்தலால், ஓர் இழை அற்றாலும் கீறல் அடுத்த இழையண்டை நின்றுவிடுகின்றது. எனினும் கட்டுமரத்தைப்போல அது வெளிப்படையாகக் குறி காட்டுவதில்லை. அடுக்குகள் உள்ளே பிரிந்திருக்க, மேலே பூசிய வண்ணம் பளபளவென்று இருக்கும். ஆகவே எங்கள் ஊரார் படகின் பக்கத்தை விரல்மடக்கித் தட்டிப் பார்க்கின்றனர். சந்தையில் மண்பானை வாங்கும் பெண்கள் செய்வதும் இதுவே. நல்ல இடம் கணீரென்னும்; அடுக்குப் பிரிந்த இடம் பொத்தென்னும். பெரிய அழுத்தக் கலங்களைச் சோதிப்போர், உள்ளே கீறல் பிறக்கும் நுண்ணொலியைக் கருவி வைத்துக் கேட்கும் முறையும் இக்காலத்தில் உண்டு. கருவி புதிது, செவி கொடுத்தல் பழையது.

மூன்றாவது, நைலான் முதலிய பலபடிப் பொருள்கள். ஆயாவின் இளமையிற் பருத்தி நூல் வலைகளே இருந்தன. அவை நீரில் அழுகாதிருக்க மரப்பட்டைச் சாற்றில் தோய்த்து, ஒவ்வொரு நாளும் உலர்த்த வேண்டும். கரோதர்ஸ் என்னும் அமெரிக்க இரசாயன அறிஞர் தலைமையில் 1935ஆம் ஆண்டில் நைலான் பிறந்தது. அது எங்கள் கரைக்கு வந்தபின் அவ்வேலை ஒழிந்தது. இப்பொருள்களின் உள்ளமைப்பை அறிய இடியாப்பத்தை நினைத்தாற் போதும். நீண்ட நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. இழுத்தால் அவை நிமிர்ந்து நீளும். விட்டால் பெரும்பாலும் சுருங்கும். அலை வந்து திடீரென இழுக்கும்போது நைலான் கயிறு நீண்டு கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது இதனாலேயே. ஆனால் இச்சங்கிலிகள் காலத்தையும் கணக்கில் வைப்பன. ஒரு நொடியில் தாங்கும் சுமையையே ஒரு திங்கள் தொங்கவிட்டால், சங்கிலிகள் ஒன்றன்மேல் ஒன்று மெல்ல வழுக்கிக் கயிறு நீண்டுகொண்டே போகும். நைலான் நனைந்தால் வலிமையில் 10 முதல் 15 விழுக்காடு வரை குறையும். முடிச்சிட்ட இடத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைவதுண்டு. வலை என்பதோ முடிச்சுகளால் ஆயது. யோவான் சுவிசேஷத்தின் இறுதி அதிகாரத்தில் 153 பெரிய மீன்கள் அகப்பட்டும் வலை கிழியவில்லை என்று எழுதியிருப்பதை எங்கள் குப்பத்தார் வாசிக்கும்போது, மீன்தொகையினும் கிழியாமையையே வியப்பர். அதன் அருமை அவர்கள் அறிந்தது.

நிற்க. எங்கள் குடும்பத்தில் நிகழ்ந்த ஒன்றனை இங்கே கூறுதல் பொருத்தமாகும். சென்ற ஆண்டுக்கு முந்திய ஆண்டு கார்த்திகைத் திங்களில், என் தாய்மாமனும் உடன் மூவரும் முகத்துவாரத்திற்கு வெளியே வலைவிட்டு, நங்கூரம் பாய்ச்சி இரவு தங்கினர். நள்ளிரவுக்குமேல் வாடைக்காற்று மிகுந்தது. நங்கூரக் கயிறு அற்றது. படகு அலையில் அடிபட்டு மணல்திட்டில் மோதிற்று. இறைவன் அருளால் நால்வரும் நீந்திக் கரை சேர்ந்தனர். படகின் ஒரு பக்கம் நெடுக விரிந்துவிட்டது. அதனைச் செப்பனிட அறுபதாயிரம் ரூபாய் கடன் வாங்க நேர்ந்தது. அவ்வாண்டு செவிலியர் படிப்பிற் சேர இருந்த மாமன் மகள், ஓராண்டு வீட்டில் இருந்து இறால் உரிக்கச் சென்றாள்.

மூன்றாம் நாள் கடல் அடங்கியபின் நங்கூரத்தை மீட்டுக் கொண்டுவந்தனர். அதன் கொக்கிகளுள் ஒன்று வளைந்திருந்தது. ஆயினும் அது முறியவில்லை. கயிற்றின் இரு பகுதிகளையும் திண்ணையில் இட்டு எல்லோரும் நோக்கினோம். "பெருவிரல் பருமன் இருக்குதே அம்மா! இது அறும்னு யார் கண்டா?" என்றார் மாமன். ஆயா கயிற்றின் அற்ற முனையை எடுத்து இரு விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்தார். வெண்ணிறப் பொடி உதிர்ந்து அவர் மடியில் விழுந்தது. "இத்துப்போச்சுடா. கண்ணாலே பார்த்தே, கையாலே பார்த்தியா?" என்றார். நீருக்குள் அமிழ்ந்து கிடந்த பகுதி வழவழப்பாக, உறுதியாக இருந்தது. படகின் முகப்பில் நாள்தோறும் வெயிலிற் சுருண்டு கிடந்த பகுதியே பொடியாயிற்று.

ஆயா கண்டதன் காரணத்தைப் பின்னர் நூல்களில் தேடி அறிந்தேன். அது பாலிபுரோப்பிலீன் என்னும் பொருளாற் செய்த பிளாஸ்டிக் கயிறு. வெயிலில் உள்ள புறஊதாக் கதிர் அதன் நீண்ட சங்கிலிகளை இடையிடையே வெட்டிவிடுகின்றது. இடியாப்பத்தைக் கத்தியால் துண்டு துண்டாக நறுக்கினால் அது ஒன்றோடொன்று பின்னிக் கிடவாது உதிர்வதுபோல, சங்கிலி குறுகிய கயிறும் நீண்டு கொடுக்கும் தன்மையை இழந்து உதிர்கின்றது. பருமன் குறைவதில்லை; ஆதலாற் கண் ஏமாறுகின்றது. விரல் ஏமாறுவதில்லை. எனவே இரும்பு தன் தளர்ச்சியைக் கண்ணுக்குச் சொல்லும்; பைபர் செவிக்குச் சொல்லும்; கயிறு விரலுக்குச் சொல்லும்; வெறுங் கண்ணாடி ஒன்றே யாருக்கும் சொல்லாது. எங்கள் மாமன் இப்பொழுது கயிறு வாங்கிய மாதத்தை அதன் நுனியிற் கட்டிய தகட்டில் எழுதி வைக்கின்றார். பயன்படாத வேளையில் அதன்மேல் சாக்கு ஒன்றைப் போர்த்துகின்றார். கடலுக்குச் செல்லுமுன் முழம் முழமாக விரலால் உருவிப் பார்க்கின்றார்.

எங்கள் கரையிலிருந்து வடக்கே நோக்கினால், 1971ஆம் ஆண்டு முதல் ஸ்ரீஅரிக்கோட்டையினின்று ராக்கெட்டுகள் எழுவது தெரியும். ராக்கெட்டு ஏவும் நாளில் அக்கடற்பரப்பிற்குச் செல்லலாகாது என்று மீனவருக்கு அறிவிப்பர். அவ்வளவு பெரிய பொறியும் இம்மூவகைப் பொருள்களின் இயல்புக்கு அடங்கியதே. அமெரிக்க நாட்டில் 1986ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் சாலஞ்சர் என்னும் விண்ணோடம் எழுந்த 73ஆவது வினாடியிற் சிதைந்து, எழுவர் மாண்டனர். ராக்கெட்டின் பகுதிகளை இணைக்கும் மூட்டில் இருந்த ரப்பர் வளையம் ஒன்றே காரணம். ரப்பரும் பலபடிப் பொருளே. அன்று காலைக் குளிரில் அதன் சங்கிலிகள் மந்தமாகி, அழுத்தம் மாறியபோது விரைந்து விரிந்து மூட்டை அடைக்க இயலாது நின்றன. விசாரணைக் குழுவில் இருந்த ஃபைன்மன் என்னும் பௌதிக அறிஞர், பனிக்கட்டி நீருள்ள குவளையில் அவ்வளையத்தின் ஒரு துண்டை இட்டெடுத்து, அது மீள்வதில் தாமதிப்பதைச் சபையோர் முன் காட்டினார். ஏவுதற்கு முந்திய இரவே பொறியாளர் சிலர் குளிரைச் சுட்டி வேண்டாம் என்று எச்சரித்திருந்தனர். அவர் சொல் ஏற்கப்படவில்லை. பொருள் முன்னறிவித்தாலும் கேட்கும் மனம் இல்லையாயின் பயனில்லை என்பதற்கு இதனினும் கொடிய சான்று வேண்டா.

பலபடிப் பொருளின் மற்றொரு குணத்தையும் மறைத்தலாகாது. பருத்தி வலை அறுந்து நீரில் மூழ்கினால் சில திங்களில் அழுகி மண்ணோடு மண்ணாயிற்று. அறுந்துபோன நைலான் வலையும் தங்கூசியும் அவ்வாறு அழிவதில்லை. வெயில் எட்டாத நீரடியில் அவை பல்லாண்டு கிடந்து, உடையவன் இல்லாத வலையாய் நண்டையும் மீனையும் வீணே பிடித்துக் கொல்கின்றன. கரையில் முட்டையிட வரும் பங்குனி ஆமையும் அதிற் சிக்குவதுண்டு. வெயில் பட்ட துண்டுகளோ நுண்துகளாக உதிர்ந்து ஏரிநீரிற் கலக்கின்றன. நமக்கு வேண்டிய காலத்தில் இற்றுப்போவதும், வேண்டாத காலத்தில் இறாதிருப்பதும் ஆகிய இப்பொருளோடு எவ்வாறு வாழ்வது என்பது எங்கள் ஏரிக்கு இன்று பெரிய வினா. அறுந்த வலையை நீரில் விடாது கரைக்குக் கொண்டுவருதல் ஒன்றே நம் கையில் உள்ள எளிய வழி.

ஆயா சொன்ன 'இத்துப்போச்சு' என்னும் சொல்லை நம் வகுப்பில் கொச்சை என்று ஒதுக்குவர். இற்றுப்போயிற்று என்பதன் திரிபே அது. இறு என்னும் வினையடியிற் பிறந்தது. வலியறிதல் என்னும் அதிகாரத்தில், திருக்குறளின் 475ஆம் பாட்டில், மயிற்பீலியேயாயினும் அளவின்றி ஏற்றினால் வண்டியின் அச்சு என்னாகும் என்பதை வள்ளுவர் 'இறும்' என்னும் அதே வினையாற் கூறுகின்றார். இருபது நூற்றாண்டுகளுக்கு அணித்தான நூலிலும், எழுத்தறியாத ஓர் அம்மையாரின் வாயிலும் ஒரே சொல் ஒரே நுட்பத்தோடு வழங்குதல் காண்க. அச்சைத் தொட்டவரும் கயிற்றைத் தொட்டவருமே அச்சொல்லைக் காத்தனர். பொருள்களின் முறிவைப் பற்றி 1638ஆம் ஆண்டில் நூல் செய்த கலிலியோவும், வெனிஸ் நகரத்துக் கப்பற்பட்டறைத் தொழிலாளரிடம் கற்பதற்கு நிரம்ப உண்டு என்று தொடங்கியே அந்நூலை எழுதினார்.

நம் கல்லூரியிற் பௌதிகம் பயில்வோரும் தமிழ் பயில்வோரும் வெவ்வேறு கட்டடங்களில் இருக்கின்றனர். வரும் கோடை விடுமுறையில் இரு வகுப்பாருமாகச் சிலர் பழவேற்காட்டிற்கு வருவார்களாயின், படகு கட்டுவோர், வலை பின்னுவோர், கொல்லர், பனையோலை முடையும் பெண்கள் ஆகியோர் பொருள்களின் தளர்ச்சியைக் குறிக்க வழங்கும் சொற்களையெல்லாம், அவை எதனைக் குறிக்கின்றன என்னும் விளக்கத்தோடு தொகுத்துவிடலாம். ஆயாவுக்கு இப்பொழுது அகவை எண்பதைக் கடந்துவிட்டது. மாமன் மகள் இவ்வாண்டு செவிலியர் படிப்பிற் சேர்ந்துவிட்டபடியால், வீட்டில் அவரோடு பேசியிருப்பாரும் குறைவு. வருவோரை அவர் மகிழ்ந்து வரவேற்பார். திண்ணையில் இடமும் உண்டு.